படகில் வந்த பிசாசு!

பேய்ப் படம் என்றால் கண்ணைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் 'தி ஈவில் டெட்' (1981) படத்தின் ஆரம்பக் காட்சி பிறந்த கதை உங்களுக்குத்தான்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துப் பிள்ளைகள் மூவர்: ஸாம் ரெய்மி, புரூஸ் காம்ப்பெல், ராப் டாப்பர்ட். ரெய்மி, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கையிலோ காசில்லை. 1978-ல் 'வித்தின் தி வுட்ஸ்' என்று அரை மணி நேரப் படம் ஒன்றை எடுத்து, அதைப் போட்டுக் காட்டியே பலரிடம் பணம் திரட்டினார்கள். (பெற்றவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்!)

1979 நவம்பரில் டென்னஸி காட்டில் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. ரெய்மிக்கு அப்போது வயது 20.

காட்டில் உலவும் பிசாசை எப்படிக் காட்டுவது? காட்டவே இல்லை! காமிராதான் பிசாசு, அது பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். சின்னப் படகில் ரெய்மி காமிராவுடன் இருக்க, காம்ப்பெல் அதைத் தள்ளிக்கொண்டு போனார். திரையிலோ, எதுவோ ஒன்று சதுப்பு நீரை உரசிக்கொண்டு விரைகிறது. உடனே ஒரு கார். உள்ளே கல்லூரி மாணவர் ஐவர், சிரிப்பும் பாட்டுமாக. மறுபடி தண்ணீர். மறுபடி கார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லவில்லை. நாமாகவே முடிச்சுப் போட்டு நடுங்குகிறோம். திடீரென்று ஸ்டியரிங் பிடியை மீறித் திரும்புகிறது, எதிரே லாரி!

காட்டுக்குள் பிசாசு ஓடவேண்டுமா? நீளப் பலகையின் நடுவில் காமிராவை முடுக்கி, இருமுனையையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ரத்தம், சாயம் கலந்த சோளப் பாகு. அந்தக் காரும் ரெய்மியின் சொந்தக் கார்தான்.

இதில் ஒரு வேடிக்கை. படகைத் தள்ளிப் பிசாசை அழைத்து வந்த காம்ப்பெல்தான், காரின் பின்சீட்டில் அதற்காகக் காத்திருக்கும் கதாநாயகனும்!