செராசுடியம் இண்டிகம்

செராசுடியம் இண்டிகம் என்பது கார்னேசன் மலரை உள்ளடக்கிய கரியோபில்லேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு பூண்டு ஆகும். இது நீலகிரி, பழனி மலைகளின் உயரமான பகுதிகளிலும், இலங்கையின் மலைநாட்டிலும், ஆப்பிரிக்க மலைகளிலும் காணப்படுகிறது. இதன் வெண்ணிறப் பூக்கள் மிகச் சிறியவை. மலை நகரங்களில் களையாகப் பரவியுள்ள ஐரோப்பியச் செடிகளை இது ஒத்திருப்பதால், தவறாக இனங்காணப்படும் வாய்ப்பு மிகுதி.

பெயர்

செராசுடியம் என்ற பேரினப் பெயர், கொம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இப்பேரினத்தில் பல இனங்களின் முதிர்ந்த காய், புல்லி வட்டத்துக்கு வெளியே கொம்பு போல் நீண்டு நிற்பதே இதற்குக் காரணம். இண்டிகம் என்பது இந்தியாவுக்குரியது எனப் பொருள்படும். ராபர்ட் வைட், ஜார்ஜ் வாக்கர் ஆர்னட் ஆகியோர் 1834 இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் இவ்வினத்துக்குப் பெயரிட்டனர். வைட் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றியவர்.

குடும்பத்தை அறிதல்

இக்குடும்பச் செடிகளில் இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக அமையும். கணுக்கள் சற்றுப் பருத்திருக்கும். மஞ்சரி இரண்டிரண்டாகக் கிளைக்கும். காய் உலர்ந்த வெடிகனியாகும். அதன் நடுவிலுள்ள தனித்த தண்டில் சூல்கள் ஒட்டியிருக்கும்.

இனங்காணல்

பூவின் நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் இதழ் நுனி, சூல்தண்டு எண்ணிக்கை, காயின் பற்கள், தண்டின் மயிர்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செராசுடியம் பேரினத்தில் பொதுவாக இதழ் நுனி பிளவுபட்டும், சூல்தண்டுகள் ஐந்தாகவும், காயின் பற்கள் பத்தாகவும் இருக்கும். எண்ணிக்கை மாறக்கூடும் என்பதால் பல பூக்களைப் பார்ப்பது நல்லது.

இதனுடன் குழப்பிக்கொள்ளப்படும் செடிகள்:

- செராசுடியம் குளோமெராட்டம்: ஐரோப்பாவிலிருந்து வந்த களை. பூக்கள் குட்டையான காம்புகளில் நெருங்கிக் கொத்தாக இருக்கும். இலைகள் முட்டை வடிவானவை. செராசுடியம் இண்டிகத்தில் பூக்காம்புகள் மெலிந்து நீண்டும், மஞ்சரி தளர்ந்தும், இலைகள் குறுகியும் இருக்கும்.
- சுடெல்லாரியா மீடியா: இதுவும் வந்தேறிய களையே. ஐந்து இதழ்களும் அடிவரை பிளந்து பத்துப் போல் தோன்றும், சூல்தண்டுகள் மூன்று. தண்டில் ஒரு பக்கம் மட்டும் மயிர்கள் ஒரே வரிசையில் ஓடும். இந்த அடையாளம் ஒன்றே இதைப் பிரித்தறியப் போதுமானது.
- டிரைமேரியா கார்டேட்டா: ஈரமான நிழலில் படரும். இலைகள் வட்டமானவை, கணுக்களில் மெல்லிய இலையடிச் செதில்கள் உண்டு. ஒட்டும் தன்மையுள்ள பூக்காம்புகள் ஆடையில் பற்றிக்கொள்ளும்.
- அரெனேரியா நீல்கெரென்சிசு: நீலகிரியின் பெயர் தாங்கிய இனம். இதழ் நுனி இரண்டாகப் பிளவுபடுவதில்லை.

ஆய்வும் சேகரிப்பும்

பி. எஃப். பைசன் 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நூல் நீலகிரி, பழனி மலைமுடிகளின் தாவரங்களை விவரித்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ 1967 இல் ராபினட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரச் சேகரிப்பகத்தை நிறுவினார். பழனி மலைத் தாவரங்கள் பற்றிய அவரது நூல் 1999 இல் வெளிவந்தது. திருவானைக்காவல், திருவரங்கம் அடங்கிய காவிரித் தீவின் வெப்பச் சமவெளியில் செராசுடியம் இண்டிகம் வளர்வதில்லை. எனினும், மலையில் கண்ட ஐயத்தைத் தீர்க்கப் பழனி மலை மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இடம் ஆற்றுக்கு அக்கரையிலேயே உள்ளது.

இதழ்கள் உலரும்போது சுருங்குவதால், இதழ் நுனியின் வடிவத்தையும் சூல்தண்டு எண்ணிக்கையையும் களத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இடம், உயரம், நாள் ஆகியவை இல்லாத மாதிரிக்கு மதிப்புக் குறைவு. காப்புக் காடுகளில் செடியைப் பறிக்க வனத்துறையின் அனுமதி தேவை. அனுமதி இல்லாதோர் பூ, காய், கணு, தண்டு ஆகியவற்றைத் தனித்தனியே அண்மையில் படமெடுக்கலாம்.

முக்கியத்துவம்

நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளின் பெரும்பகுதி சீகை, தைலமரம், பைன் தோட்டங்களாக மாற்றப்பட்டது. களைகளைச் செராசுடியம் இண்டிகம் எனப் பதிவு செய்தால், குறைந்துவரும் இயல்தாவரம் பரவலாக இருப்பதாகத் தோன்றும். மாறாக, இதைக் களையெனக் கருதினால் எஞ்சிய செடிகளும் கவனிப்பாரின்றி அழியக்கூடும்.