லேப்ல பாஸ், உடம்புல ஃபெயில்... கேன்சர் மருந்துக்கு ஒரு 'எலும்பு' டெஸ்ட்!

லேப்ல கேன்சர் செல்களை அழிச்ச மருந்து, நோயாளியோட உடம்புல தோத்துப்போறது உண்டு. ஒரு காரணம், அந்த செல்கள் வளர்ற இடம். லேப் தட்டில் அவை பாய் விரிச்ச மாதிரி ஒரே அடுக்காக வளரும். எலும்புக்குள்ளேயோ, எல்லாப் பக்கமும் நெருக்கியடித்து வளரும்.

அதனால்தான் கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரி, எலும்பு போலத் துளைகள் உள்ள 'ஸ்கஃபோல்டு' செய்து, அதில் செல்களை வளர்க்கிறார்கள். சிறுவர்களையும் டீன் ஏஜினரையும் அதிகம் தாக்கும் எலும்புப் புற்றுநோய், 'யூயிங் சார்கோமா'. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் சென்டரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பாலிமர் இழைச் சாரத்துக்குள் வளர்ந்த இந்த நோயின் செல்கள், தட்டில் வளர்ந்தவற்றைவிடக் கீமோ மருந்துகளை அதிகம் தாக்குப்பிடித்தன.

இதில் ரத்த ஓட்டம் கிடையாது. ஆனாலும் தட்டைவிட நிஜ எலும்புக்கு நெருக்கம். மருந்துக்கு லேப்லயே பரீட்சை கஷ்டமா இருந்தா, நோயாளிக்குத்தானே நல்லது!