எடை மெஷின் காட்டும் கொழுப்புக் கணக்கு

எடை பார்க்க ஏறி நின்றால் 'உடல் கொழுப்பு 32 சதவீதம்' என்றும் சேர்த்துச் சொல்லும் மெஷின்கள் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டன. அந்த எண்ணைப் பார்த்துக் கலங்கி, அன்றிரவே சோற்றைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. அது எப்படி வந்த எண் என்று தெரிந்தால் இந்தக் கலக்கம் தேவைப்படாது.

உடம்புக்குள் ஓடும் மின்சாரம்

பாதம் படும் உலோகத் தகடுகள் வழியாக, நமக்கு உறைக்காத அளவு மெல்லிய மின்னோட்டம் உடலுக்குள் செல்கிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதில் மின்சாரம் எளிதாக ஓடும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அது தடுக்கும். மெஷின் அளப்பது அந்தத் தடையை மட்டுமே. அதோடு உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்பதைச் சேர்த்துச் சூத்திரம் போட்டுக் கொழுப்பைக் கணிக்கிறது. மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுவதால், வயிற்றுப் பகுதிக்குச் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். தோலுக்கடியில் உள்ள கொழுப்பையும், ஈரலையும் குடலையும் சூழ்ந்த கொழுப்பையும் அதனால் நேரடியாகப் பிரித்தறிய முடியாது.

ஏன் மாறுகிறது?

உடலில் நீர் வற்றியிருந்தால் கொழுப்பு கூடுதலாகத் தெரியும். சிறுநீரகக் கோளாறால் கால் வீங்கியவர்களுக்கோ குறைத்துக் காட்டி ஏமாற்றும். ஆகவே காலையில், சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில், உலராத நாவோடு, ஒரே மெஷினில் பாருங்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

ஒல்லியானவர்களுக்கும் உண்டு

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடலையே சான்றாக வைத்தார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3தான். ஆனால் எக்ஸ்ரே ஸ்கேனில் யுட்கினுக்கு 9.1 சதவீதம் கொழுப்பு, யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதில் இந்தக் கொழுப்புக்கும் பங்குண்டு. எனவே இஞ்ச் டேப்பால் இடுப்பையும் அளந்துவிடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.

யார் ஏறக் கூடாது?

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த மெஷினில் ஏறவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், மெஷின் வாங்கிய அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.