‘புவி வெப்பமயமாதல்’ பற்றி புராஜெக்ட்டா? விருத்தாசலம் சூளையிலிருந்து தொடங்குங்கள்!

கல்லூரியில் புராஜெக்ட் தலைப்பு கேட்டால் ஒவ்வொரு வருடமும் தவறாமல் வந்து விழும் தலைப்பு ஒன்று உண்டு: ‘புவி வெப்பமயமாதல் - காரணங்களும் விளைவுகளும்’. “ரொம்பப் பெருசா இருக்கு, சுருக்கிட்டு வாப்பா” என்று பேராசிரியர் திருப்பி அனுப்புவார். எப்படிச் சுருக்குவது? அங்கேதான் பலரும் திணறுகிறார்கள்.

வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இது சின்னச் சிக்கல் இல்லை. அகலமான தலைப்பை எடுத்தால், இணையத்தில் கிடைப்பதை வெட்டி ஒட்டுவதுதான் வழி. பிறகு வைவாவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடாகும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அரேனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுவிட்டார். ஐ.நா-வின் ஐ.பி.சி.சி குழு ஆயிரக்கணக்கான பக்கங்களில் அறிக்கைகள் தந்திருக்கிறது. ஒரு செமஸ்டரில் நீங்கள் அதோடு புதிதாக எதைச் சேர்க்க முடியும்? உங்கள் ஊரைப் பற்றிய ஓர் எண்ணைச் சேர்க்கலாம். அது அந்த அறிக்கைகளில் இருக்காது.

சூளை ஓர் உதாரணம்

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது பீங்கான். தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகமும் இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, மின்சாதனப் பீங்கான் என எதுவாக இருந்தாலும் சூளைக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். நல்ல பீங்கானுக்கு 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவை. அந்தச் சூட்டுக்கு எரிபொருள், எரிபொருளுக்குப் புகை. அந்தப் புகையில்தான் உங்கள் தலைப்பு ஒளிந்திருக்கிறது.

இப்போது ஒவ்வொரு படியாக இறங்குங்கள்.

* புவி வெப்பமயமாதல்
* தொழிற்சாலைகள் வெளியிடும் கார்பன்
* பீங்கான் தொழில் வெளியிடும் கார்பன்
* விருத்தாசலம் சூளைகளின் எரிபொருள்
* ஒரு கிலோ பொம்மையைச் சுட எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது?

கடைசிப் படிக்கு வரும்போது தலைப்பு கேள்வியாக மாறிவிட்டதைக் கவனியுங்கள். கேள்விக்குறி போட முடிகிற தலைப்புதான் ஆராய்ச்சிக்கு ஆகும்.

கணக்கு எளிதுதான்

ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. கடைகளில் பயன்படுத்தும் 19 கிலோ சிலிண்டர் ஐந்து எரிகிறது, சூளைக்குள் 500 கிலோ சரக்கு இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 95 கிலோ வாயுவுக்கு 285 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கிலோவுக்கு 570 கிராம்.

சூளையைத் திறந்தால் 50 கிலோ சரக்கு விரிசல் விட்டிருக்கிறது. விற்கக்கூடியது 450 கிலோதான். அப்போது கணக்கு கிலோவுக்கு 633 கிராம் ஆகிவிடும். சேதாரம் குறைந்தால் முதலாளிக்குப் பணம் மிச்சம், காற்றுக்குப் புகை மிச்சம். கொலு, கார்த்திகை ஆர்டருக்காக ராப்பகலாகச் சூளை வைப்பவருக்கு இந்த எண் வெறும் பாடமல்ல, அவருடைய லாபம். அதனால் உங்கள் கட்டுரையை அவரும் படிப்பார்.

இங்கே உஷார்!

புகை எரிபொருளிலிருந்து மட்டும் வருவதில்லை. களிமண் கலவையிலோ மெருகுப் பூச்சிலோ கால்சியம் கார்பனேட் சேர்த்திருந்தால், அது சூட்டில் சிதைந்து 100 கிலோவுக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். மின்சூளை என்றால் பட்டறையில் புகை இருக்காது. ஆனால், அந்த மின்சாரம் நிலக்கரியிலோ, பக்கத்து நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரியிலோ பிறந்திருக்கலாம். எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, சூளை அருகே வெப்பமானியை வைத்துவிட்டு ‘இதுதான் புவி வெப்பமயமாதல்’ என்று எழுதக் கூடாது. அது சூளையின் அனல். 2011 டிசம்பர் 30-ல் கடலூரை உலுக்கிய தானே புயலை மட்டும் காட்டி, ‘பருவநிலை மாறிவிட்டது’ என்று முடிப்பதும் அப்படித்தான். பருவநிலையைப் பற்றிப் பேச 30 வருட வானிலைத் தரவாவது வேண்டும்.

பீங்கான் வேண்டாமா?

விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முந்திரியும் நிலக்கடலையும் அங்கே முக்கியம். முந்திரி பூக்கும் மாதங்களில் மழையும் வெயிலும் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். கோடையில் சூளைத் தொழிலாளர்கள் வேலை நேரத்தை மாற்றிக்கொள்கிறார்களா என்று கேட்கலாம். ஊர் வேறென்றால் செங்கல் சூளை, அரிசி ஆலை, சாயப்பட்டறை என்று உங்கள் தெருவிலேயே தேடுங்கள்.

தலைப்பை முடிவுசெய்யும் முன்...

1. எந்த ஊர், எந்தக் காலம் என்று தலைப்பிலேயே இருக்கிறதா?
2. எதை அளக்கப் போகிறீர்கள்? கிலோவா, லிட்டரா, டிகிரியா?
3. அந்தத் தரவை உங்களுக்குத் தர யாராவது இருக்கிறார்களா? தலைப்பைக் கொடுக்கும் முன்பே இரண்டு பட்டறைகளுக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். பில்லைக் காட்டத் தயங்குவார்கள். பெயரை வெளியிட மாட்டோம் என்று உறுதி கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.
4. விடை நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக வந்தாலும் கட்டுரை நிற்குமா? நிற்கும் என்றால் அது நல்ல கேள்வி.

நான்குக்கும் பதில் இருந்தால் நாளைக்கே பேராசிரியரைப் போய்ப் பாருங்கள். இரண்டாவது கேள்வியிலேயே தடுக்கினால், இன்னும் ஒரு படி இறங்க வேண்டும் என்று அர்த்தம்.