கரடியை வெல்லும் விலங்கு எது?

பழுப்புக் கரடியை எந்த விலங்கு வெல்லும் என்று கேட்டால், பாதி விடையைத் தராசே சொல்லிவிடும். அலாஸ்காவின் கோடியாக் தீவில் வாழும் பெரிய ஆண் கரடி 600 கிலோ வரை வளரும். ஆண் யானை நாலு டன்னைத் தாண்டும். காண்டாமிருகம் இரண்டு டன் இருக்கும். நீர்யானையும் வால்ரஸும் ஒரு டன்னுக்கு மேல். இவற்றோடு மோதிக் கரடி பிழைக்கும் என்று எந்தக் காட்டியலாளரும் சொல்லமாட்டார். ஆனால் எடைகள் நெருங்கி வரும் இடத்தில், எதிரே நிற்பது புலியாகவோ இன்னொரு கரடியாகவோ இருக்கும்போது, தராசால் பயனில்லை. அங்கே முடிவைத் தருவது இரண்டு விஷயங்கள்: காயம்பட்டால் யாருக்கு நட்டம் அதிகம், யாரால் விலகிப் போக முடியும். இதைப் புரிந்துகொள்ள அலாஸ்கா வரை போகவேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளியையும் ஜவளகிரியையும் ஒட்டிய காட்டில் வாழும் நம் கரடியே போதும். அது பழுப்புக் கரடியைவிட மிகச் சிறியது. ஆனால் பழுப்புக் கரடிகளில் பெரும்பாலானவை கண்ணால் கண்டிராத எதிரிகளோடு பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரே காட்டில் குடித்தனம் நடத்திவருகிறது.

இந்தியாவில் பழுப்புக் கரடி இமயத்தின் உயரங்களில் மட்டுமே உண்டு. தமிழ்நாட்டில் இருப்பது தேன்கரடி. ஆண் ஏறத்தாழ 80 முதல் 145 கிலோ, பெண் 55 முதல் 95 கிலோ. கறுத்துச் சடைபிடித்த மயிர், மார்பில் வெளிர்நிறப் பட்டை, நீண்ட வெளுத்த மூக்கு, முன்பாதங்களில் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்த நகங்கள். அந்த நகங்கள் கொலைக்கருவிகள் அல்ல, தோண்டுவதற்கு அமைந்தவை. இதன் முக்கிய உணவு கறையானும் எறும்பும். புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, உதடுகளைக் குழாய்போல் குவித்துக் கறையானை உறிஞ்சும். உறிஞ்சும்போது மண் ஏறாமல் மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் முடியும். மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டு இதற்கு இல்லை. கறையான் உள்ளே போகும் வழி அந்த இடைவெளிதான். நாவல், இலந்தை, அத்தி, கொன்றைக்காய் காலத்தில் பழத்துக்கு மாறும். தேன் கிடைத்தால் மரமேறும். பகலில் பாறை இடுக்குகளில் படுத்துக் கிடந்து, அந்தி சாய்ந்ததும் கிளம்பும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குண்டுப்பாறைக் குன்றுகள் இதற்கென்றே அடுக்கி வைத்தவைபோல் இருக்கின்றன. வேட்டையாடிப் பிழைக்காத இந்த விலங்குதான் இந்தியக் காடுகளில் மனிதர்கள் மிகவும் அஞ்சும் விலங்குகளில் ஒன்று. இந்த முரணுக்கான காரணத்தில்தான் நம் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

இந்தக் காட்டில் கரடியை வெல்லக்கூடிய விலங்குகளில் முதலாவது யானை. ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி, நொகனூர், சானமாவு என்று இறங்கிவரும் யானைக் கூட்டங்களை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. யானையின் வழியில் கரடி நின்றால் முடிவு என்ன என்பதில் ஐயமே கிடையாது. ஆனால் யானைக்குக் கரடியிடமிருந்து எதுவும் வேண்டியதில்லை, கரடிக்கும் யானையிடமிருந்து எதுவும் வேண்டியதில்லை. ஒன்று துரத்தும், மற்றது ஒதுங்கும், அவ்வளவுதான். காட்டுமாடும் அப்படியே. ஒரு டன்னை நெருங்கும் காளையைக் கரடி தொடாது. காளையும் புற்றைத் தோண்டும் கரடியைத் தேடிப் போகாது. வல்லமையில் மிக உயர்ந்த விலங்குகள் கரடியின் வாழ்வில் கொஞ்சம்தான் குறுக்கிடுகின்றன. உண்மையான கேள்வி கரடியை இரையாகப் பார்க்கும் விலங்குகளைப் பற்றியது. அவற்றில் தலையாயது புலி.

ஜவளகிரிக்குப் புலி புதிதல்ல. கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளியிட்ட முதல் வேட்டை நூலின் முதல் கதையே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலியைப் பற்றியதுதான். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு சரணாலயமும் 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயமும் இந்தக் காட்டுத் தொடர்ச்சியில் அமைந்தவை. மாநில எல்லைக்கு அப்பால் மாதேஸ்வரன் மலையில் இன்றும் புலிகள் உண்டு. வளர்ந்த ஆண் புலி 200 கிலோ இருக்கும். ஆண் கரடியைவிட அதிகம், பெண் கரடியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பதுங்கி வந்து பின்கழுத்தைக் கவ்வினால் கரடியை முடித்துவிடும்; அப்படிக் கொன்று தின்ற பதிவுகள் இந்தியாவில் பல. ஆகவே எடைக்கணக்குப்படி புலிக்கே வெற்றி என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் 2018-ல் மகாராஷ்டிரத்தின் தடோபாவில் நடந்தது வேறு. மட்காசூர் என்று பெயரிடப்பட்ட பெரிய ஆண் புலி, நீர்நிலையருகே குட்டியோடு வந்த தாய்க் கரடியைத் தாக்கியது. ஒரு கட்டத்தில் கரடியைக் கீழே அமுக்கிப் பிடித்திருந்தது. கரடி விடவில்லை; திமிறி எழுந்து திரும்பத் திரும்பப் புலியின் மேல் பாய்ந்தது. கடைசியில் இரண்டும் உயிரோடு பிரிந்தன. அந்தக் காணொளியை உலகம் முழுவதும் பார்த்தார்கள். இதை ஒற்றை அதிசயம் என்று ஒதுக்கவும் முடியாது. புலியும் தேன்கரடியும் எதிர்ப்பட்ட பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், அவற்றில் மிகப் பெரும்பாலானவை உடலோடு உடல் உரசாமலே முடிந்திருப்பதைக் கண்டார்கள். கரடி இரண்டு காலில் எழுந்து நின்று உறுமிப் பாய்கிறது, புலி யோசித்து விலகுகிறது.

புலி ஏன் விலகவேண்டும்? அஞ்சி அல்ல என்பதே என் துணிபு. தனியாக வேட்டையாடும் விலங்குக்கு அதன் உடம்புதான் மூலதனம். ஒரு கண் போனாலோ, முன்கால் சதை கிழிந்தாலோ அடுத்த மானைப் பிடிக்க முடியாது. காயத்தோடு சில வாரம் பட்டினி கிடந்தால் அந்தப் புலி ஆட்கொல்லியாக மாறலாம், அல்லது செத்துப்போகலாம். வென்றாலும் தோற்றதற்குச் சமம். காட்டில் மானும் பன்றியும் இருக்கும்போது, நகம் நீண்ட, சடைமயிரால் மூடிய, எளிதில் பிடி கிடைக்காத கரடியோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பது கட்டுப்படியாகாத காரியம். கரடியின் நிலையோ நேர் எதிர். அது புலியைவிட வேகமாக ஓட முடியாது. மரமேறும்; ஆனால் மெதுவாக. சிறுத்தை பின்னாலேயே ஏறிவிடும். பல வகைக் கரடிகளின் குட்டிகள் ஆபத்து வந்தால் மரத்தின் மேல் ஏறித் தப்பிக்கும். தேன்கரடிக் குட்டி மாதக்கணக்கில் தாயின் முதுகுச் சடையைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்கிறது. குட்டிகளை வழக்கமாக முதுகில் சுமக்கும் கரடி இனம் இது ஒன்றுதான். ஓடவும் ஏறவும் வழியில்லாத விலங்குக்கு மிஞ்சுவது எதிர்த்து நிற்பது. நேபாளத்தின் சித்வனில் தேன்கரடிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ லாரியும் ஜான் சைடன்ஸ்டிக்கரும் 1977-லேயே இந்தத் திசையில் எழுதினார்கள்: இதன் ஆவேசம் புலியோடும் யானையோடும் காண்டாமிருகத்தோடும் வாழ்ந்து பெற்ற பாடம் என்று. கரடி புலியைக் கொல்லவேண்டியதில்லை. தன்னைக் கொல்வது விலை அதிகமான வேலை என்று புலிக்குப் புரியவைத்தால் போதும்.

இதற்கு எதிராகச் சைபீரியாவைக் காட்டலாம். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் புலியும் பழுப்புக் கரடியும் நிஜமாகவே மோதிக்கொள்கின்றன. அங்கே தொகுக்கப்பட்ட 44 மோதல்களில் பாதியில் கரடி செத்தது. கால்பங்குக்குச் சற்று மேல் புலி செத்தது. மீதியில் இரண்டும் பிரிந்துபோயின. புலியே வல்லது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று தோன்றும். ஆனால் எந்தக் கரடிகள் என்று பார்க்கவேண்டும். புலி தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பெண் கரடிகளையும் இளங்கரடிகளையும், குளிர்கால உறக்கத்தில் குழிக்குள் கிடப்பவற்றையும்தான். வளர்ந்த ஆண் பழுப்புக் கரடியைப் புலி தவிர்க்கிறது. அந்த ஆண் கரடியோ புலி அடித்த இரையைத் தேடி வந்து பறிக்கப் பார்க்கிறது. ஆக அந்த எண்ணிக்கை சொல்வது புலியின் பலத்தை மட்டுமல்ல, யாரோடு சண்டை போடுவது என்று தீர்மானிக்கும் அதன் கணக்கையும்தான். அலாஸ்காவின் வடகோடியில் காக்டோவிக் என்ற கடற்கரை ஊரில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. திமிங்கில எலும்புகள் குவிந்து கிடக்கும் இடத்துக்குத் துருவக் கரடிகளும் பழுப்புக் கரடிகளும் வருகின்றன. துருவக் கரடிதான் பெரியது. ஆனாலும் சிறிய பழுப்புக் கரடி வந்து மூர்க்கம் காட்டினால் துருவக் கரடிகள் இடத்தை விட்டுக்கொடுத்துவிடுகின்றன.

அப்படியானால் இரண்டு விலங்குகளை ஒரே கூண்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கலிபோர்னியாவில் அதையும் செய்தார்கள். கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடியையும் முரட்டுக் காளையையும் ஒரே சங்கிலியில் பிணைத்து மோதவிட்டுக் காசு பார்த்தார்கள். பெரும்பாலும் கரடி வென்றது. ஆனால் அந்தக் கொடுமையிலிருந்து விலங்குகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. விலகிப் போவது என்ற முடிவை இரண்டிடமிருந்தும் பறித்துவிட்டபின் மிஞ்சுவது காளையும் அல்ல, கரடியும் அல்ல. காட்டு விலங்கின் திறமையில் பெரும்பங்கு எப்போது சண்டை போடாமல் இருப்பது என்று அறிவதில் இருக்கிறது.

இலங்கையை முன்வைத்தும் ஓர் ஆட்சேபம் எழும், இது கனமானது. யாலக் காட்டிலும் தேன்கரடி இருக்கிறது. அங்கே புலியே கிடையாது. ஆனாலும் அந்தக் கரடியும் மூர்க்கமானதுதான். புலிக்காக வந்த குணம் என்றால் புலியில்லாத தீவில் அது ஏன் இருக்கவேண்டும்? இதற்கு மண்ணுக்குள்ளிருந்து ஒரு விடை வந்திருக்கிறது. இரத்தினபுரிக்கு அருகே குருவிட்டப் பகுதியில் உள்ள பட்டதொம்பக் குகையில் புலியின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவிலும் புலி இருந்திருக்கிறது. எதிரி போனபின்னும் குணம் நின்றுவிடுவது உயிரியலில் புதிதல்ல. போதாக்குறைக்கு, சிறுத்தையும் யானையும் அங்கே இன்றும் இருக்கின்றன.

புலிக்காக உருவான இந்த எதிர்ப்பை மனிதன் மேல் கரடி திருப்பும்போதுதான் துயரம் நேர்கிறது. கரடிக்குக் கண்பார்வை மட்டு, மோப்பம் கூர்மை. புற்றுக்குள் மூக்கை நுழைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது காலடி ஓசை அதற்குக் கேட்பதில்லை. விறகுக்கோ மாடு மேய்க்கவோ போனவர் பத்தடி தூரத்தில் திடீரென்று நின்றால், அது ஆளா புலியா என்று யோசிக்க நேரமில்லை. யோசித்த கரடிகள் பிழைத்திருக்காது. உடனே எழுந்து முகத்திலும் தலையிலும் அறைகிறது. இன்றைய சத்தீஸ்கரின் வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை 137 தாக்குதல்கள் பதிவாயின. இறந்தவர்கள் 11 பேர். ஒவ்வொரு காயமும் ஒரு குடும்பத்தின் கஷ்டம் என்பதை மறக்காமல், அந்த விகிதத்தைக் கவனியுங்கள். கொல்ல வந்த விலங்கு பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானவர்களை உயிரோடு விட்டுப்போகாது. விரட்ட வந்த விலங்குதான் அப்படிச் செய்யும். மைசூர்ப் பகுதியில் அரசிகெரே பக்கம் பன்னிரண்டு பேரைக் கொன்றதாக ஆண்டர்சன் எழுதிய கரடி போன்றவை விதிவிலக்குகள். அதனால்தான் அது தனிக் கதையாயிற்று.

கரடியை முழுமையாகத் தோற்கடித்த உயிரினம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அது நாம்தான். குட்டியைப் பிடித்து, மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்து, பல்லைப் பிடுங்கித் தெருத்தெருவாக ஆடவிட்டது பல நூற்றாண்டுகள் நடந்தது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னும் ஒரேயடியாக நிற்கவில்லை. கரடியாட்டிப் பிழைத்த கலந்தர் சமூகத்துக்கு மாற்றுத்தொழில் கொடுத்து, ஆக்ரா, பன்னேர்கட்டா போன்ற மையங்களில் 600-க்கும் மேற்பட்ட கரடிகளைச் சேர்த்தார்கள். 2009-ல் கடைசி ஆட்டக் கரடி ஒப்படைக்கப்பட்டது பன்னேர்கட்டாவில். தளியின் காட்டுக்கு எல்லைக்கோட்டின் மறுபுறம்தான் அந்த இடம். பல்லும் நகமும் இழந்த அந்தக் கரடிகளைத் திரும்பக் காட்டில் விடமுடியவில்லை. எதிர்த்து நிற்கும் கருவிகள் இல்லாத கரடி ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காது என்பது காப்பாளர்களுக்குத் தெரியும்.

காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்த அறிவு நேராகப் பயன்படும். கரடி அஞ்சுவது நம் பலத்தை அல்ல, நம் திடீர் வருகையை. ஆகவே புற்று மிகுந்த இடங்களிலும் பாறை இடுக்குகளிலும் நாவலும் கொன்றையும் உதிரும் நாட்களிலும் தனியாகப் போகாமல், பேசிக்கொண்டோ கையைத் தட்டிக்கொண்டோ போகவேண்டும். விடியலுக்கு முன்னும் இருட்டியபின்னும் ராகிக் காவலுக்கு நடப்பவர் கையில் நல்ல டார்ச் இருக்கவேண்டும். தூரத்தில் கரடி எழுந்து நின்றால் அது இன்னும் தாக்கவில்லை. காற்றில் மோப்பம் பிடித்து, வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறது. அந்த நேரத்தில் கல்லெறிவதும் நாயை ஏவுவதும் புலி செய்கிற வேலை. முதுகைக் காட்டி ஓடுவது இரை செய்கிற வேலை. மெல்லப் பின்வாங்கி, அது போகவேண்டிய வழியைத் திறந்துவிட்டால், பெரும்பாலான கரடிகள் அந்த வழியிலேயே போய்விடும்.