பட்டாசு ஆலைகள் மூடிக்கிடந்த நாட்கள்



சிவகாசி வட்டாரத்தில் வேலை நின்றுபோனால் மருத்துவமனையில் கூட்டம் பெருகும் என்று பலர் எண்ணுகிறீர்கள். உண்மையில் முதலில் கூட்டம் குறைகிறது. பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள் சர்க்கரை வியாதி மாத்திரை வாங்க வருவதில்லை.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்கக்கூடாது, சரவெடி செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பேரியம் நைட்ரேட் பச்சை ஒளி தருவது. கம்பி மத்தாப்பு முதலான பலவற்றில் அது சேர்ந்திருந்தது. சரவெடியோ பெண்கள் கையால் பின்னுகிற வேலை. 2015ல் அவ்வழக்கு டெல்லியிலுள்ள மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் தொடுக்கப்பட்டது. அப்பிள்ளைகளின் நுரையீரலை நாங்கள் இலேசாக எண்ணவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்குப்பின் பட்டாசு ஆலைகள் திறக்கவில்லை. பெரும்பாலானவை 2019 மார்ச் வரை மூடியே கிடந்தன.

இங்கே கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான். இத்தனை குரோஸ் செய்தால் இவ்வளவு. ஆலை மூடினால் அன்றே வருமானம் பூஜ்யம். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். மழை பொய்க்கிற பூமி என்பதால்தான் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இவ்வூரில் வேர்பிடித்தது; பட்டாசு அதன் பின்னால் வந்தது.

பலர் அறியாத ஒரு காரியம் உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை (கூலியில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாட்கள் வரை) பெறுவதற்கு, அப்போதிருந்த விதிப்படி ஆறுமாதச் சந்தா காலத்தில் 78 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு சந்தா காலம். தீபாவளியோடு வேலை நின்றவர்களுக்கு அந்த 78 எட்டவில்லை. அதற்குரிய உதவிக்காலமோ ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆலை திறந்து எல்லாம் சீரானதாக வெளியே தோன்றிய பிறகுதான் இந்த இழப்பு அவர்களைத் தாக்கியது!

இன்னொரு ஆபத்து, உரிமமில்லாமல் வீட்டுத் திண்ணையில் நடக்கும் வெடி வேலை. அங்கே தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸும் இல்லை, பொறுப்பேற்க முதலாளியும் இல்லை.

2019 மார்ச் 12 அன்று, வேலையில்லாமையை உண்டாக்க விரும்பவில்லை என்று அதே நீதிமன்றம் கூறியது. எனினும் 2021 அக்டோபர் 29ல் பேரியத் தடையை மறுபடியும் வலியுறுத்தியது.

2019 ஆகஸ்டில் ஒரு சகோதரி காலில் ஆறாத புண்ணோடு எங்களிடம் வந்தார். சரம் பின்னுகிறவர். ஆலை மூடியிருந்த மாதங்களில் சர்க்கரை மாத்திரையைப் பாதிப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. படுத்திருந்த நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. மருந்துச் செலவு உங்கள் காணிக்கையால் தீர்ந்தது. வட்டிக்கு வாங்கிய கடனை எங்களால் தொடமுடியவில்லை. இப்போது அவர் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறார். கூலி முன்பைவிடக் குறைவுதான். மாத்திரையை முழுதாகச் சாப்பிடுகிறார்.