மேகக் கணினியில் எழ மறுக்கும் வலைச்செயலி

வலைச்செயலி ஒன்று அதனை எழுதியவரின் கணினியில் மாதக்கணக்கில் பழுதின்றி இயங்கியிருக்கும். அதே செயலி மேகக் கணினிக்கு ஏற்றப்பட்ட அன்றே எழாமற் போவதுண்டு. பார்வையாளரின் திரையில் 503 என்னும் எண்ணும், செயலியில் பிழை நேர்ந்தது என்று பொருள்படும் ஒரு வரியும் மட்டுமே தோன்றும். மழையளவையும் மண் பரிசோதனை முடிவுகளையும் நாள்தோறும் பதிந்து அனுப்பும் களப்பணியாளருக்கு அன்றைய வேலை அவ்வளவில் நின்றுவிடுகின்றது. மாணவர் வருகையைச் செயலியில் பதியும் பள்ளி மீண்டும் நோட்டுப் புத்தகத்தை எடுக்கின்றது. இவ்வேளையில் பொறுப்பிலுள்ளோர் பெரும்பாலும் செய்வது ஒன்றே. செயலியை நிறுத்தி மீண்டும் துவக்குவர். பயனில்லையெனில் இன்னொரு முறை துவக்குவர். இம்முறையால் பழுது நீங்குவது அரிது. பழுதின் காரணத்தைக் காட்டும் தடயங்கள் அழிவதோ மிக எளிது.

மேகம் என்னும் பெயர் சிறிது மயக்கம் தருவது. செயலி உண்மையில் இயங்குவது, ஏதோ ஒரு நகரத்தில், மின்சாரமும் குளிர்காற்றும் இடைவிடாது பாயும் கட்டடத்தில் அடுக்கப்பட்ட கணினிகளுள் ஒன்றில்தான். இந்தியாவில் மத்திய அரசின் மேகராஜ் திட்டத்தின்கீழ், தேசியத் தகவலியல் மையம் அரசுத் துறைகளுக்கான மேகச் சேவையை 2014-ஆம் ஆண்டில் துவக்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், அமேஸான் நிறுவனம் 2016-இல் மும்பையிலும் தம் மையங்களை நிறுவின. இக்கணினிகளை வாடகைக்குப் பெறும் முறைகள் பல. நிரலை மட்டும் ஒப்படைத்தால் எஞ்சிய வேலைகளைத் தளமே பார்த்துக்கொள்ளும் முறை அவற்றுள் ஒன்று. 2007-இல் தோன்றிய ஹெரோக்கு இதன் முன்னோடிகளுள் ஒன்றாகும். மைக்ரோசாஃப்டின் அஸூர் ஆப் சர்வீஸ், கூகுளின் கிளவுட் ரன் ஆகியனவும் இவ்வகையினவே. துவக்கத் தோல்வி பெரிதும் குழப்பம் விளைவிப்பது இவ்வகைத் தளங்களில்தான். ஏனெனில் கணினி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைத் தொட்டுப் பார்க்கவும் இயலாது.

தம் வீட்டு அடுக்களையில் கைப்பழக்கத்தால் சமைப்பவர், கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டிற்குச் சென்றால் முதலில் திகைப்பார். வீட்டில் எந்தச் சாமான் எந்தத் தட்டில் உள்ளது என்று நினைத்துப் பாராமலே கை நீளும். மண்டபத்திலோ, பட்டியலில் எழுதிக் கொண்டுவராத பொருள் எதுவும் இராது. அடுப்பும் நேரமும் மண்டபத்தாரின் விதிப்படியே கிடைக்கும். செயலியின் நிலையும் இதுவே. "என் கணினியில் நன்றாக இயங்கிற்றே" என்னும் வாக்கியத்தை முறையீடாகக் கொள்ளாமல் ஒரு வினாவாகக் கொள்வது நலம். அக்கணினியில் இருந்து, இக்கணினியில் இல்லாதது யாது?

முதலில் தளத்தின் விதிகளைக் காண்போம். ஒரு கணினியின் வலையிணைப்பில் 65,535 வரை எண்ணிடப்பட்ட வாயில்கள் உண்டு. இவற்றைப் போர்ட் என்பர். பைத்தான் மொழியில் ஃபிளாஸ்க் கொண்டு எழுதப்பட்ட செயலி, எழுதியவரின் கணினியில் இயல்பாக 5000-ஆம் வாயிலில் காத்திருக்கும். மேகத்தளத்தில் வாயிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை செயலிக்கு இல்லை. தளமே ஓர் எண்ணைத் தேர்ந்து, போர்ட் என்றே பெயரிட்ட சூழல் மாறியின் வழியாக அதனைச் செயலிக்கு அறிவிக்கின்றது. கிளவுட் ரன் தளத்தில் இவ்வெண் வேறாகக் குறிக்கப்படாவிடில் 8080 ஆகும். நிரலில் 5000 என்று நிலையாக எழுதிவிட்டால், செயலி ஒரு வாயிலில் நின்றுகொண்டிருக்கத் தளம் வேறொரு வாயிலைத் தட்டிக்கொண்டிருக்கும். ஹெரோக்கு இயல்பாக 60 வினாடிகள் பொறுத்திருந்து, பின்னர்ச் செயலியைக் கொன்று, ஆர்-10 என்னும் குறியீட்டைப் பதிவில் எழுதுகின்றது. கிளவுட் ரன் 4 நிமிடங்கள் பொறுக்கும். அஸூர், கண்டெய்னர்களுக்கு இயல்பாக 230 வினாடிகள் தருகின்றது. வேண்டுவோர் இதனை 1,800 வினாடிகள் வரை நீட்டிக்கொள்ளலாம்.

வாயில் எண் சரியாக இருந்தும் தோல்வி நேர்வதுண்டு. ஃபிளாஸ்க்கின் சோதனைச் சர்வர் இயல்பாக 127.0.0.1 என்னும் முகவரியில் செவிசாய்க்கின்றது. இம்முகவரி கணினி தன்னைத் தானே அழைத்துக்கொள்வதற்கானது. வெளியிலிருந்து வரும் அழைப்பு அங்கே சென்று சேராது. எல்லா இணைப்புகளிலிருந்தும் வரும் அழைப்பை ஏற்க 0.0.0.0 என்னும் முகவரியைக் குறிக்க வேண்டும். இப்பழுதில் ஏமாறுவோர் பலர். ஏனெனில் செயலி தன் பதிவில் பிழை எதையும் எழுதாது. "இயங்கிக்கொண்டிருக்கின்றேன்" என்றே எழுதியிருக்கும். அது பொய்யும் அன்று. உட்புறம் திறந்த கதவின் அருகே அது உண்மையாகவே காத்துக்கொண்டிருக்கின்றது.

காலக்கெடுவைப் பொறுத்த பழுது வேறு வகையானது. சில செயலிகள் வாயிலைத் திறக்கும் முன்பே பல வேலைகளைச் செய்ய முற்படுகின்றன. தரவுத்தள அட்டவணைகளை மாற்றியமைத்தல், பெரிய கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுதல் போன்றவை அத்தகையன. தரவு சிறிதாயிருந்தபோது பத்து வினாடியில் முடிந்த வேலை, தரவு பெருகியபின் ஒன்றரை நிமிடம் பிடிக்கும். நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, நேற்றுவரை எழுந்த செயலி இன்று எழாமைக்கு இது ஒரு முக்கிய காரணம். கெடுவை நீட்டுவது தற்காலிக உதவியே. அட்டவணை மாற்றங்களைத் துவக்கத்திற்கு முந்திய தனி நிலையில் செய்து முடிப்பதே முறை. ஹெரோக்குவில் இதற்கென்றே ஒரு வெளியீட்டு நிலை அமைக்கப்பட்டுள்ளது.

இனி, பழுதைக் கண்டறியும் வழி. திரையில் தோன்றும் 503 செயலி கூறும் சொல் அன்று; முன்வாயிலில் நிற்கும் தளம் கூறுவது. உள்ளே யாரும் விடையளிக்கவில்லை என்பதற்கு மேல் அதில் செய்தி ஏதும் இல்லை. மாறாக, 404 அல்லது 400 என்னும் எண் செயலியிடமிருந்தே வருமாயின், செயலி எழுந்துவிட்டது என்பது உறுதி. தேட வேண்டிய இடம் வேறு. 500 என்பதும் பெரும்பாலும் அப்படியே. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அஸூரின் விண்டோஸ் தளத்தில் ஏ.எஸ்.பி. டாட் நெட் கோர் செயலிகளுக்குக் காட்டப்படும் 500.30 என்பது, துவக்கத்திலேயே செயலி வீழ்ந்தது என்பதன் குறியாகும்.

உண்மை கிடைக்கும் இடம் லாக் எனப்படும் நிகழ்ச்சிப் பதிவே. அதனை வாசிப்பதில் ஓர் ஒழுங்கு தேவை. வீழ்ந்த செயலியைத் தளம் தானே மீண்டும் துவக்கிப் பார்க்குமாதலின், ஒரே தோல்வி பதிவில் பலமுறை எழுதப்பட்டிருக்கும். கடைசியாக நிகழ்ந்த துவக்கம் எங்கே ஆரம்பமாகின்றது என்று கண்டு, அங்கிருந்து கீழ்நோக்கி வாசித்து, முதலில் தோன்றும் பிழையைப் பிடிக்க வேண்டும். அதன்பின் வருவன பெரும்பாலும் முதற்பிழையின் விளைவுகளே. பைத்தான் அச்சிடும் பிழைத்தொடரிலோ, பிழையின் பெயர் கடைசி வரியில் இருக்கும். மேலுள்ள வரிகள் அங்கு வந்து சேர்ந்த வழியைக் காட்டுவன.

பதிவு நெடுநாள் நில்லாது என்பதையும் மறக்கலாகாது. ஹெரோக்கு தன்னிடம் அண்மைய 1,500 வரிகளையே வைத்துக்கொள்கின்றது. அவையும் ஒரு வாரத்தில் மறையும். செயலி தன் குறிப்புகளைத் தனியொரு கோப்பில் எழுதிவந்தால் நிலைமை இன்னும் மோசம். மறுதுவக்கத்தின்போது அத்தளத்தில் எழுதப்பட்ட கோப்புகள் யாவும் அழிந்துவிடும். குறிப்புகளைக் கோப்பில் சேர்க்காமல் பொது வெளியீட்டில் இட வேண்டுமென்று, ஹெரோக்குவைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஆடம் விக்கின்ஸ் 2011-இல் வெளியிட்ட பன்னிரு நெறிகள் வற்புறுத்துவது இதனாலேயே. பதிவு முற்றிலும் வெறுமையாயிருந்தால் ஒன்றை ஐயுறலாம். பைத்தான், திரைக்கு எழுதாதபோது தன் வெளியீட்டைச் சிறிது தேக்கிவைத்து எழுதும் இயல்புடையது. தேக்கத்திலிருப்பது வெளிவருமுன் செயலி கொல்லப்பட்டால், கடைசிச் சொற்கள் அதனுடனேயே மறைந்துவிடும். இத்தேக்கத்தை நீக்கும் அமைப்பு ஒன்றும் அம்மொழியில் உண்டு.

சொல் இல்லாத இடத்தில் எண் உதவும். லினக்ஸ் கணினியில் செயலி முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்கின்றது. 127 எனில், துவக்கக் கட்டளையில் கூறிய நிரலே கண்டறியப்படவில்லை. 126 எனில், கோப்பு உள்ளது, இயக்கும் அனுமதி இல்லை. 128-க்கு மேற்பட்ட எண்ணிலிருந்து 128-ஐக் கழித்தால், செயலியை முடித்த சைகையின் எண் கிடைக்கும். 137-இல் எஞ்சுவது 9. அதாவது வெளியிலிருந்து வலிந்து கொல்லப்பட்டது. நினைவகம் போதாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதற்பிழை சுட்டும் காரணம் பல வேளைகளில் இரு கணினிகளுக்கும் உள்ள வேற்றுமையாகவே இருக்கும். தேவைப் பட்டியலில் எழுதாமல் விட்ட நூலகம் அவற்றுள் மிகச் சாதாரணமானது. கோப்புப் பெயரில் நேரும் பிழை அதனினும் நுட்பமானது. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் வேறுபடுத்துவதில்லை, லினக்ஸ் வேறுபடுத்துகின்றது. பெரிய எஸ் எழுத்தில் தொடங்கும் கோப்பைச் சிறிய எஸ் இட்டு அழைத்தால், முன்னதில் கிடைக்கும், பின்னதில் கிடைக்காது. தமிழ் எழுத்தில் இவ்விரு வடிவ வேற்றுமை இல்லாமையால், இப்பிழை தமிழ் மாணவரின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகின்றது போலும்.

வரிமுடிவு பற்றிய பழுது இன்னும் விந்தையானது. தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும், தாள் ஏந்திய உருளையைப் பழைய இடத்திற்குத் தள்ளுவதும், தாளை ஒரு வரி உயர்த்துவதும் ஆகிய இரு செயல்கள் நிகழும். விண்டோஸ் இன்றும் இவ்விரண்டுக்கும் 13, 10 என இரு குறிகளை எழுதுகின்றது. லினக்ஸ் 10 மட்டுமே எழுதும். விண்டோஸில் எழுதிய துவக்கக் கோப்பின் முதல் வரியில், கண்ணுக்குத் தெரியாத 13-ஆம் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் அதனையும் பெயரின் பகுதியாகக் கொண்டு தேடி, அத்தகைய கோப்பு இல்லையென்று கூறும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். செயலக வேற்றுமையும் இன்று கவனிக்கத்தக்கது. ஆப்பிள் நிறுவனம் 2020-இன் இறுதியில் வெளியிடத் துவங்கிய புதுவகை மாக் கணினிகளில் ஆர்ம் செயலகம் உள்ளது. அதில் கட்டிய கண்டெய்னரை, இன்டெல் வகைச் சர்வரில் அப்படியே இயக்க முடியாது.

தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல் முதலியன சூழல் மாறிகளில் வைக்கப்படும். எழுதியவர் தம் கணினியில் என்றோ ஒருநாள் அவற்றை அமைத்து மறந்திருப்பார். புதிய தளத்தில் அவை இரா. தரவுத்தளத்திற்கு "இதே கணினி" எனப் பொருள்படும் முகவரியைக் கொடுத்திருப்பதும் உண்டு. மேகத்தில் "இதே கணினி" என்பது செயலி அடைபட்டுள்ள சிறு அறையையே குறிக்கும். தரவுத்தளம் அங்கே இல்லை.

மக்கள் காத்திருக்கும் செயலி வீழ்ந்தால், ஆராய்ச்சிக்கு முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பதிவைப் படியெடுத்துக்கொண்டு, முன்னர் இயங்கிய வெளியீட்டிற்குத் திரும்பிவிடுவதே அது. ஹெரோக்கு ஒவ்வொரு வெளியீட்டிற்கும் எண் இட்டு வைப்பதால் இது ஒரு கட்டளையில் முடியும். ஆனால் தரவுத்தள அட்டவணைகள் இதற்குள் மாறியிருப்பின், பழைய நிரல் அவற்றோடு ஒத்துப்போகுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர், அதே கண்டெய்னரை, அதே சூழல் மாறிகளுடன் சொந்தக் கணினியில் இயக்கிப் பழுதை அங்கே வரவழைக்கலாம். ஒரு தடவையில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்து செயலி எழுந்துவிட்டால், எது மருந்து என்று எவரும் கூற இயலாது. அவசரத்தில் பிழைத்திருத்த நிலையைப் பொதுத்தளத்தில் திறந்துவைப்பதும், பதிவின் படத்தைக் கடவுச்சொல்லுடன் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும் பெருந்தவறுகள். துவக்கப் பழுது ஒரு பிற்பகலில் தீரும். வெளிப்பட்ட கடவுச்சொல்லால் களவுபோன மாணவர் விவரங்கள் திரும்பி வாரா.

முகவரி பற்றிய செய்தியை ஆசிரியர்கள் மேகத்தளம் இன்றியே வகுப்பில் செய்து காட்டலாம். பள்ளியின் ஒரே வலையில் இணைந்த இரு கணினிகள் போதும். முதற்கணினியில் ஒரு சிறு ஃபிளாஸ்க் செயலியை 127.0.0.1 முகவரியில் துவக்கி, அதே கணினியின் உலாவியில் திறந்து காட்டுக. பின்னர் இரண்டாம் கணினியிலிருந்து முதற்கணினியின் வலை முகவரியையும் 5000-ஆம் வாயிலையும் இட்டு அழைக்கச் செய்க, பக்கம் வாராது. செயலியை நிறுத்தி, 0.0.0.0 முகவரியில் மீண்டும் துவக்கினால் பக்கம் தோன்றும். அப்பொழுதும் தோன்றாவிடில், முதற்கணினியின் தீச்சுவர் 5000-ஆம் வாயிலை அடைத்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். சோதனை முடிந்தவுடன் செயலியை நிறுத்திவிடுக. இல்லையேல் பள்ளி வலையிலுள்ள யாவருக்கும் அவ்வாயில் திறந்தே இருக்கும்.